ஹாண்டெல்: கலையும் கணக்கும்

கலைஞனுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் ஒத்துவராது என்பது உலகத்தார் நெடுநாளாகக் கொண்டுள்ள எண்ணம். காசைத் தேடுகிறவன் கலையை விற்றவன் என்றும், கலையில் தோய்ந்தவன் காசின் முகத்தைப் பாரான் என்றும் மேடைதோறும் பேசப்படுகிறது. புரவலர் ஒருவர் சோறும் துணியும் அளிக்க, கவலையற்றுப் பாடியவனே தூய கலைஞன் என்பது இதன் உட்கிடை. அந்தப் புரவலர் விரும்பியதைத்தானே அவன் பாட வேண்டியிருந்தது என்று எவரும் கேட்பதில்லை. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராய விரும்புவோர்க்கு, ஜார்ஜ் பிரடெரிக் ஹாண்டெலின் வாழ்வும் படைப்பும் நல்லதோர் உரைகல்.

அவருடைய ‘மெசையா’வை முழுதும் கேளாதவர்களும் அதன் பெயரைக் கேட்டிருப்பர். கிறிஸ்துமஸ் நாட்களில் உலகின் பல தேவாலயங்களில் அது முழங்குகிறது. 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-இல் தொடங்கிச் செப்டம்பர் 14-இல் அதை எழுதி முடித்தார்; ஆக 24 நாட்கள். இறையருள் பொங்கி வழிந்தது, கண்ணீர் பெருக எழுதினார் என்று கதை சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் அவர் கொட்டகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டதையும், எதை விட்டுக்கொடுத்தார், எதை விட மறுத்தார் என்பதையும் அக்கதை சொல்வதில்லை. அவற்றை விட்டுவிட்டால் வரலாறு மட்டுமன்று, அந்த இசையே பாதி விளங்காமற் போகும்.

ஹாண்டெல் 1685-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தார். அதே ஆண்டில் ஐசனாக் என்னும் ஊரில் பிறந்தவர் ஜொஹான் செபாஸ்டியன் பாக். பாக் வாழ்நாள் முழுதும் தேவாலயங்களிலும் சிற்றரசர் அரண்மனைகளிலும் ஊழியம் பார்த்தார். 1723 முதல் இறக்கும் வரை லைப்சிக் நகரசபைக்குக் கட்டுப்பட்டிருந்தார். ஒரு தலைமுறை கழித்து வந்த ஹைடன், 1761-இல் எஸ்டர்ஹாசி பிரபுவிடம் கையொப்பமிட்ட ஒப்பந்தம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. பிரபு வீட்டுச் சீருடை அணிதல் வேண்டும். முற்பகலும் பிற்பகலும் முன்னறையில் வந்து நின்று, இன்று இசை உண்டா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். இயற்றுவன யாவும் பிரபுவுக்கே உரியன, பிறருக்குப் படியெடுத்துக் கொடுத்தல் ஆகாது. இதனை அக்காலத்தார் இழிவாகக் கருதவில்லை. நல்ல வேலை கிடைத்த இசைவாணன் பெற்ற நல்வாழ்வு அது.

ஹாண்டெலின் தந்தையார் அறுவை மருத்துவமும் செய்துவந்த நாவிதர். மகன் சட்டம் படித்து முன்னுக்கு வரவேண்டுமென விரும்பியவர். தந்தை இறந்தபின், பதினெட்டு வயதில், மகன் ஹாம்பர்க் நகருக்குச் சென்று அங்கிருந்த இசைநாடகக் கொட்டகையில் பிடில் வாசிப்பவனாகச் சேர்ந்தான். இது கருதத்தக்கது. ஏனெனில் அது மன்னன் அரண்மனைக் கொட்டகை அன்று. பணம் கொடுத்து யாரும் நுழையக்கூடிய பொதுக்கொட்டகை. காசு கொடுத்து உட்கார்ந்தவனின் முகம் எப்போது மலர்கிறது, எப்போது கொட்டாவி விடுகிறது என்பதை ஹாண்டெல் முதலில் கற்றது அங்கேதான். பின்னர் 1706 முதல் 1710 வரை இத்தாலியில் இருந்தார். 1710-இல் ஹனோவர் அரண்மனையில் பதவி பெற்றார். பெற்ற சில திங்களிலேயே விடுப்பு வாங்கிக்கொண்டு லண்டன் சேர்ந்தார். 1711 பிப்ரவரியில் அவருடைய ‘ரினால்டோ’ அங்கே அரங்கேறிப் பெரும்புகழ் ஈட்டியது.

அப்பாடல்களை வால்ஷ் என்னும் பதிப்பாளர் அச்சிட்டுப் பெரும்பொருள் சேர்த்தார். அடுத்த தடவை நீர் இயற்றும், நான் அச்சிட்டு விற்கிறேன் என்று ஹாண்டெல் அவரிடம் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அதன் கருத்து அவர் நெஞ்சில் இருந்தது என்பதில் ஐயமில்லை. 1720-இல் அவர் தம் படைப்புக்களைப் பதினான்கு ஆண்டுகள் பிறர் அச்சிடலாகாது என்று அரசரிடமிருந்து உரிமைப் பத்திரம் பெற்று, ஹார்ப்சிகார்டுக்குரிய இசைத்தொகுதி ஒன்றைத் தாமே வெளியிட்டார். ஹைடன் தம் எழுத்தைப் பிறருக்குக் கொடுப்பதில்லை எனக் கையொப்பமிடுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, தம் எழுத்து தமக்கே உரியது என்று எழுதி வாங்கியவர் ஹாண்டெல்.

ஈண்டு ஒன்றை மறைத்தல் கூடாது. அவர் புரவலரே இன்றித் தனித்து நின்றவர் அல்லர். ஆன் அரசி ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை வழங்கினார். அடுத்து வந்த முதலாம் ஜார்ஜ் அதை இரட்டித்தார். இளவரசிகளுக்கு இசை கற்பித்ததற்காக மேலும் 200 பவுன் சேர்ந்தது. ஆக 600 பவுன் இறுதிவரை வந்துகொண்டிருந்தது. கொட்டகை இழுத்து மூடப்பட்ட ஆண்டுகளிலும் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது இதனால்தான். ‘எவர் தயவுமின்றி வாழ்ந்த இசைவாணர்’ என்று அவரைப் புகழ்ந்து எழுதுவோர் இத்தொகையை மறந்துவிடுகின்றனர். ஆனால் அவரது தனித்தன்மை வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்த 600 பவுனோடு அடங்கி, அரண்மனைப் படியில் ஆயுளைக் கழித்திருக்கலாம். அவர் அதனைத் தலைக்கு மேல் ஒரு கூரையாகக் கொண்டாரேயன்றி, அதையே உலகமாகக் கொள்ளவில்லை.

1719-இல் லண்டன் பெருமக்கள் கூடி ‘ராயல் அகாடமி’ என்னும் பங்கு நிறுவனத்தை அமைத்தனர். பங்கு ஒன்று 200 பவுன். இத்தாலிய மொழி இசைநாடகத்தை நடத்தி இலாபம் காண்பது நோக்கம். ஹாண்டெல் அதன் இசையாசிரியர். கலைவகையில் அதன் ஆண்டுகள் பொன்னாண்டுகள். ‘ஜூலியஸ் சீசர்’ 1724-இல் வந்தது. கணக்கு வகையிலோ ஓட்டைப் பானை. செனெசீனோ போன்ற, ஆண்மை நீக்கப்பட்ட உச்சக்குரல் பாடகர்களுக்கும், குஸ்ஸோனி, பவுஸ்தினா என்னும் இரு பெண்மணிகளுக்கும் அளித்த ஊதியத்திலேயே வருவாய் கரைந்தது. 1727-இல் அவ்விரு பெண்மணிகளின் கட்சிக்காரர்கள் இளவரசியின் முன்னிலையிலேயே கூச்சலிட்டு ஆட்டத்தை நிறுத்தினர். மறு ஆண்டு ஜான் கே எழுதிய ‘பிச்சைக்காரர் நாடகம்’ தெருப்பாட்டு மெட்டுக்களைக் கொண்டு ஆங்கிலத்தில் நடந்தது. முதல் பருவத்திலேயே 62 இரவுகள் ஓடியது. அதே 1728-இல் அகாடமி அணைந்தது.

இங்கே அறிவுடைய வணிகனாயின் பாடம் கற்றிருப்பான். ஹாண்டெல் கற்கவில்லை. ஹைடெக்கர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து 1729-இல் மீண்டும் அதே இத்தாலிய நாடகத்தை, இப்போது தம் பணத்தையும் இட்டு, நடத்தப் புகுந்தார். 1733-இல் ‘டெபோரா’வுக்கு நுழைவுக் கட்டணத்தை உயர்த்தி ஊராரின் பகையைத் தேடிக்கொண்டார். அவருடைய ஆணவத்தைப் பொறாத பிரபுக்கள் போட்டிக் கொட்டகை திறந்து, செனெசீனோவை இழுத்துக்கொண்டனர். மறு ஆண்டு பாரினெல்லியை வரவழைத்தனர். லண்டனில் இரண்டு இத்தாலியக் கொட்டகைகளைத் தாங்கும் அளவுக்கு மக்கள் இல்லை. 1737-இல் போட்டிக் கொட்டகை விழுந்தது. அந்த வசந்தத்தில் ஹாண்டெலும் பக்கவாதத்தால் விழுந்தார். வலக்கை செயலற்றது. ஆகன் நகரின் வெந்நீர் ஊற்றுக்களில் நீராடித் தேறி வந்தவர் மறுபடியும் இத்தாலிய நாடகமே எழுதினார்! 1741-இல் ‘டெய்தாமியா’ மூன்றே இரவுகள் நடந்து நின்ற பிறகுதான் அவ்வாசை தீர்ந்தது. இதைக் கொள்கைப் பற்று என்று பாராட்டுவோர் உளர். பிடிவாதம் என்பதே பொருந்தும். அந்நாடகங்களில் பாடல்கள் அரியவை; ஆயினும் அவர் இழந்த பணத்துக்கு ஊராரின் சுவைக்குறைவை மட்டும் காரணங்காட்டுதல் நேர்மையாகாது.

அவருக்கு விடிவு பிறந்த இடம் வியப்பானது. அது ஒரு திருட்டிலிருந்து பிறந்தது. இளமையில் ஒரு பிரபு மாளிகைக்காக எழுதிய ‘எஸ்தர்’ என்னும் ஆங்கிலப் படைப்பை, 1732-இல் யாரோ அவர் இசைவின்றி லண்டனில் நடத்தினர். பறிகொடுத்தவர் வழக்குக்குப் போகவில்லை. புதிய பகுதிகள் சேர்த்து, தாமே நடத்துவதாக அறிவித்து, மே திங்களில் அரங்கு நிறைத்தார். அரண்மனைத் தேவாலயச் சிறுவர்கள் விவிலியக் கதையை மேடையில் நடிப்பதை லண்டன் பிஷப் தடுத்தார் என்றும், அதனாலேயே நடிப்பின்றிப் பாட்டாக மட்டும் நடந்தது என்றும் கூறுவர். அன்று லண்டன் மேடையில் வேர்விட்டதே ஆங்கில ஆரட்டோரியோ. அதாவது, வேடமும் நடிப்பும் இன்றி, நின்றவாறு பாடப்பெறும் இசைநாடகம்.

இந்த வடிவத்தைக் கணக்குப் புத்தகத்தின் பக்கமாக நின்று பார்த்தல் வேண்டும். திரைச்சீலை இல்லை, வேடம் இல்லை, பொறிகள் இல்லை. இத்தாலியிலிருந்து பாடகரை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. உள்ளூர் ஆங்கிலப் பாடகரே போதும். தவக்காலத்தில் புதனும் வெள்ளியும் நாடகங்கள் நடவாமையால் கொட்டகை அவ்விரவுகளில் சும்மா கிடக்கும். அப்போது வாடகைக்கு எடுத்தால் ஆண்டு முழுதும் சுமக்க வேண்டியதில்லை. இடைவேளையில் கூட்டத்தை இழுக்க ஒரு நட்சத்திரம் வேண்டுமே? 1735 முதல் அவரே ஆர்கன் முன் அமர்ந்து கச்சேரி செய்தார். சம்பளம் கேளாத நட்சத்திரம்!

இத்தனையும் சிக்கனம். ஆனால் சிக்கனம் கலையாக மாறிய இடம் ஒன்று உண்டு, அது குழுப்பாடல். இத்தாலிய நாடகத்தில் ஒவ்வொரு பாடலும் ஒரு பெரும்பாடகரின் தொண்டைக்காகத் தைத்த சட்டை. பாடி முடித்ததும் அவர் கைதட்டலோடு மேடையை விட்டு வெளியேறுவார், கதை நின்றுவிடும். மக்கள் என்பார் அங்கே இல்லை. அரசரும் காதலரும் மட்டுமே உண்டு. ஆரட்டோரியோவில், தேவாலயப் பாடகர்களைக் கூட்டிச் சேர்த்த குழு, விலை மிக்க ஒரு தனிப் பாடகரைக் காட்டிலும் குறைந்த செலவில் கிடைத்தது. ஹாண்டெல் அக்குழுவைப் பின்னணியாக வைக்கவில்லை. அதனையே தலைமைப் பாத்திரமாக்கினார். 1739-இல் வந்த ‘சவுல்’ படைப்பில் பொறாமையை எதிர்த்துக் குழு எழுப்பும் குரலைக் கேட்போர், மன்னனைவிட மக்கள் பெரியவராய் நிற்பதை உணர்வர். ‘எகிப்தில் இஸ்ரவேலர்’ என்னும் படைப்பில் தனிப்பாடல்கள் சிலவே. ஒரு மக்களினமே பாடுகிறது, அஞ்சுகிறது, கடலைக் கடக்கிறது. பணமுடை இல்லாதிருந்தால் அவர் இந்த எல்லைக்கு வந்திருப்பாரா என்பது ஐயமே.

எனினும் ‘எகிப்தில் இஸ்ரவேலர்’ அப்போது தோற்றது. மற்றொரு குற்றச்சாட்டும் அதன்மேல் உண்டு. ஸ்ட்ராடெல்லா, எர்பா, கெர்ல் ஆகியோரின் இசையிலிருந்து பெரும்பகுதிகளை எடுத்து அதில் சேர்த்துள்ளார். தம் படைப்பைப் பிறர் அச்சிடாதவாறு உரிமைப் பத்திரம் வாங்கியவர், பிறர் படைப்பைச் சொல்லாமல் எடுத்தது முறையா? அக்கால வழக்கம் அது என்று சமாதானம் கூறுவர். வழக்கந்தான், ஆனால் அவர் எடுத்த அளவு வழக்கத்தையும் கடந்தது. பல இடங்களில் வாங்கிய கூழாங்கல்லை மணியாக்கியிருக்கிறார் என்பது உண்மை. சில இடங்களில் கல் கல்லாகவே கிடக்கிறது என்பதும் உண்மை.

1741 இறுதியில் அவர் டப்ளின் சென்றார். புதிய ஊர், பகைவர் இல்லை. ஆறு கச்சேரிகளுக்குச் சந்தா சேர்த்தார். அவை நிறைந்ததும் மேலும் ஆறு. அவற்றின் பின்னரே, 1742 ஏப்ரல் 13-ஆம் நாள், ‘மெசையா’ அரங்கேறியது. சிறைப்பட்ட கடனாளிகளுக்காகவும் இரு மருத்துவமனைகளுக்காகவும் நடந்த நிகழ்ச்சி அது. இடம் போதாதென்று, பெண்டிர் வளையம் வைத்த பாவாடையின்றியும் ஆடவர் வாளின்றியும் வருமாறு செய்தித்தாளில் வேண்டிக்கொண்டனர். 600 பேர் அமரும் மண்டபத்தில் 700 பேர் நெருங்கினர். ஏறத்தாழ 400 பவுன் கிடைத்தது. கடனாளிகள் 142 பேர் விடுதலை பெற்றனர். அன்று பாடியவருள் ஒருவர் சூசன்னா சிப்பர். இசை கற்றுத் தேர்ந்தவர் அல்லர், நாடக நடிகை. குரல் சிறிது, இல்வாழ்க்கை வழக்குமன்றம் ஏறி ஊர் வாயில் புகுந்தவர். இகழப்பட்டவரைப் பற்றிய பாடலை ஹாண்டெல் அவரிடம் கொடுத்தார். சிறிய எல்லைக்குள் நின்று, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு நகரும் பாடல் அது. செனெசீனோவுக்கு எழுதிய காலத்தில் இப்படியொரு பாடலை எழுத இடமே இருந்திராது. கையிலுள்ள குரல் எதுவோ அதிலிருந்தே உயர்ந்ததைப் பிழியும் வித்தை, ஏழைக் கொட்டகைக்காரனுக்கே கைவரும் போலும்.

லண்டன் திரும்பியபின் எல்லாம் இனித்துவிடவில்லை. நாடகக் கொட்டகையில் தெய்வ நூலைப் பாடுவதா என்று 1743-இல் பலர் சீறினர். 1744-இன் இறுதியில் 24 கச்சேரிகளுக்குச் சந்தா பெற்றுத் தொடங்கினார். அரங்கு காலியாகக் கிடந்தது. 1745 ஜனவரியில் ஒரு செய்தித்தாளில் கடிதம் வெளியிட்டு, தம் உழைப்பு ஊரார்க்கு இன்பம் தரவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, சந்தாவில் முக்கால் பங்கைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். பலர் திரும்பப் பெற மறுத்தனர். பதினாறு கச்சேரிகள் எப்படியோ நடந்தன. கொட்டகை நடத்தி ஒடிந்தவர் உலகில் ஆயிரவர். வாங்கிய சந்தாவைக் கொண்டு வந்து கொடுக்கிறேன் என்று ஊரறியச் சொன்னவர் சிலரே.

1747-இல் அவர் எடுத்த முடிவு அவருடைய வாழ்வின் தலையாய வணிக முடிவு. சந்தா முறையையே கைவிட்டார். அன்றன்று வருபவர் அன்றன்று சீட்டு வாங்கலாம். பிரபுக்களின் முன்பணம் போயிற்று. அதனோடு அவர்களின் அதிகாரமும் போயிற்று. வணிகரும் தொழில்துறையினரும் குடும்பத்தோடு வந்தனர். அவ்வாண்டு வந்த ‘யூதா மக்கபேயு’ கூட்டத்தை அள்ளியது. ஆனால் அதுவே அவர் உள்ளத்திலிருந்து வந்த சிறந்த படைப்பு எனல் இயலாது. 1746-இல் கல்லோடன் போர்க்களத்தில் ஸ்காட்லாந்துக் கிளர்ச்சியை நசுக்கி, ‘கசாப்புக்காரன்’ என்று பெயரெடுத்த கம்பர்லாந்து பிரபுவின் வெற்றியைப் போற்ற எழுந்தது அது. முழக்கம் மிகுதி, ஆழம் குறைவு. மூன்று ஆண்டுகள் கழித்து, 1750-இல், ‘தியோடோரா’ வந்தது. கொள்கைக்காக உயிர்துறக்கும் ஒரு பெண்ணின் கதை, முழக்கம் அரிது, பெரும்பகுதி மெல்லொலியாகவே செல்கிறது. நிலநடுக்கத்துக்கு அஞ்சி லண்டன் மக்கள் ஊரைவிட்டு ஓடிய வேளை அது. மூன்றே இரவுகள் நடந்தது. ஆயினும் அதன் இரண்டாம் பகுதியின் இறுதிக் குழுப்பாடலை, ‘மெசையா’வின் புகழ்பெற்ற அல்லேலூயாவுக்கும் மேலாக ஹாண்டெலே மதித்தார் என்று, நூல் எழுதிக்கொடுத்த மொரெல் குறித்துவைத்திருக்கிறார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காண வேண்டும். ‘யூதா’வை மட்டும் பார்ப்போர் அவரை வணிகர் என்பர், ‘தியோடோரா’வை மட்டும் பார்ப்போர் தவசி என்பர். ‘யூதா’ நிரப்பிய பெட்டியே ‘தியோடோரா’வின் வெற்று நாற்காலிகளைத் தாங்கியது. தோற்றது என்பதற்காக அவர் அதைத் தாழ்த்திப் பேசவுமில்லை; வென்றது என்பதற்காக மற்றதை உயர்த்தவுமில்லை. 1755-இல் மறுபடி ஒரு தடவை ‘தியோடோரா’வை மேடையேற்றியும் பார்த்தார்.

அவருடைய பணம் எல்லாம் தூயது என்று சொல்வதற்குமில்லை. 1716-இல் தென்கடல் நிறுவனத்தின் பங்குகளை அவர் வைத்திருந்தார். ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றி விற்ற நிறுவனம் அது. இதனை அண்மைக்கால ஆய்வாளர்கள் வங்கி ஏடுகளிலிருந்து எடுத்துக்காட்டியபின், ‘எகிப்தில் இஸ்ரவேலர்’ என்னும் அடிமை விடுதலைப் பாட்டை அதே காதால் கேட்க இயலவில்லை என்போர் உளர். அவர்கள் சொல்வது பொருளற்றதன்று.

ப்ரூக் தெருவில் 1723-இல் குடியேறிய வாடகை வீட்டிலேயே இறுதிவரை இருந்தார். ஒத்திகை அங்கே; சீட்டு விற்பனை அங்கே; அச்சிட்ட இசை ஏடுகளும் அங்கே. கண்பார்வை 1751-இல் மங்கத் தொடங்கிச் சில ஆண்டுகளில் முற்றும் மறைந்தது. அதன் பின்னரும் ஆர்கன் வாசித்தார். 1738-இல் நலிந்த இசைவாணர்க்கென ஏற்பட்ட நிதியின் தொடக்க உறுப்பினருள் அவர் ஒருவர். இறுதியில் அதற்கு 1000 பவுன் எழுதிவைத்தார். 1759-இல் அவர் இறந்தபோது இருந்த சொத்து ஏறத்தாழ 20,000 பவுன்.

கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென லண்டனில் இருந்த இல்லத்தின் தேவாலயத்தில், 1750 மே முதல் நாள் ‘மெசையா’ நடத்தினார். இடமின்றித் திரும்பியோர் மிகுதியாதலின், இரு வாரத்துக்குள் மறுபடியும் நடத்தினார். பின்னர் ஆண்டுதோறும் நடந்து, காலப்போக்கில் ஏறத்தாழ 7000 பவுன் அவ்வில்லத்துக்குச் சேர்ந்தது. அங்கே உள்ளவர்கள், இப்படைப்பு தங்களுக்கே உரியது என்று பாராளுமன்றத்தில் சட்டம் செய்துகொள்ளவும் எண்ணினர். ஹாண்டெல் சினந்து மறுத்துவிட்டார். கொடுக்கலாம், பறிகொடுக்க அவருக்குச் சம்மதமில்லை. ஆனால் 1757-இல் தம் உயிலோடு சேர்த்த இணைப்பில், ‘மெசையா’வின் இசை ஏட்டைத் திருத்தமாகப் படியெடுத்து, ஒவ்வொரு பாடகருக்கும் கருவிக்காரருக்கும் உரிய தாள்கள் அனைத்தோடும் அவ்வில்லத்துக்குக் கொடுக்குமாறு எழுதிவைத்தார். அந்தத் தாள்கள் லண்டனில் இன்றும் இருக்கின்றன.